மொகம் எந்தப் பக்கம்?

நானாவை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அவர் ஒரு லொறியை இரண்டடி பின்னால் போகச் சொல்லிக்கொண்டிருந்தார். நிஜ லொறி இல்லை. அக்குறணையில் மொத்த வியாபாரம் செய்கிற ஒரு ஹாஜியார். வெள்ளைச் சட்டையும் நல்ல உடம்புமாக, அலுவலகத் தரையில் சோக்கால் போட்டிருந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். எதிரே, ஆட்டோவாக, எங்கள் அலுவலகப் பியோன்.

"ஹாஜியார், நீங்க பிரேக் புடிச்ச எடம் இதில்ல. இன்னும் ரெண்டடி பின்னுக்கு போங்க."

ஹாஜியார் போனார்.

"இப்ப செல்லுங்க. மொகம் எந்தப் பக்கம் இரிந்த?"

"முன்னுக்குத்தான்."

"முன்னுக்கு இரிந்தா ஆட்டோவக் கண்டிருப்பீங்களே."

ஹாஜியார் கொஞ்ச நேரம் சுவரிலிருந்த கலண்டரையே பார்த்தார். பிறகு, குற்றம் பிடிபட்ட பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பிக் காட்டினார். அந்தப் பக்கம் அன்றைக்குத்தான் இன்னொரு மொத்தக் கடை புதிதாகத் திறந்திருந்தார்களாம். கூட்டம் எவ்வளவு என்று ஒரு பார்வை பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். நேர்முகத்துக்காக ஃபைலும் கையுமாக மூலையில் நின்ற நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வேலை போயிற்று என்று நினைத்தேன். நானா திரும்பிப் பார்த்து, "சிரிக்கிறதுக்கும் ஒராள் வேணும்தான்" என்றார். அடுத்த திங்கள் வேலைக்கு வந்துவிட்டேன்.

கண்டி குட்செட் பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு செருப்புக் கடையின் மேல்மாடியில் இருந்தது அந்த அலுவலகம். வாகன விபத்துகளை விசாரித்துக் காப்புறுதிக் கம்பனிகளுக்கு அறிக்கை கொடுப்போம். முதலாளி ஒருவர், நானா ஒருவர், பியோன், நான். நானாதான் மதிப்பீட்டாளர். அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை, கையெழுத்துப் போடும்போது மட்டும் அது பயன்பட்டது. தமிழர், சிங்களவர், கீழே செருப்புக் கடைக்காரர், எல்லாருக்கும் அவர் நானாதான், அண்ணன் மாதிரி. நாற்பத்தைந்து வயது இருக்கும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சோக்குத் துண்டு கிடக்கும். அதனால் அவருடைய எல்லாச் சட்டைகளும் நெஞ்சுப் பக்கம் வெள்ளை பூத்திருக்கும். வீட்டில் அதற்காக வாங்கிக் கட்டிக்கொள்வதாக அவரே சொல்லிச் சிரிப்பார்.

சிங்களம் பேசுவது அவருக்குத் தண்ணி பட்ட பாடு. எழுத்துதான் தெரியாது. ஆங்கிலமும் ஒரு மாதிரிதான். ஆகவே சிங்களத்தில் சொல்லும் வாக்குமூலங்களைத் தமிழில் எழுதுவதும், நானா தமிழில் சொல்லும் அறிக்கையை ஆங்கிலத்தில் அடிப்பதும் என் வேலை. கம்பளையில் எங்கள் வீட்டில் சிங்களம் எழுதிப் படித்துச் சோதனை பாஸ் பண்ணியவள் நான் ஒருத்திதான். அந்தத் தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

விபத்து என்றால் எல்லாருக்கும் ஒரு கதை இருக்கும். நானா கதை கேட்க மாட்டார். விபத்து நடந்த இடத்துக்கே கூட்டிக்கொண்டு போவார், முடியாவிட்டால் அலுவலகத் தரையில் சோக்கால் ரோட்டைப் போடுவார். வந்தவர் அதில் நிற்க வேண்டும். யார் யாரோ லொறியாகவும் வேனாகவும் மோட்டார் சைக்கிளாகவும் எங்கள் தரையில் நடந்திருக்கிறார்கள். ஒரு முறை ஒரு பாடசாலை அதிபர், பத்து மணிக்கு வந்தவர், பன்னிரண்டு மணி வரை பஸ்ஸாக நின்றார். எல்லாரிடமும் நானா கடைசியில் கேட்பது ஒன்றே ஒன்றுதான். மொகம் எந்தப் பக்கம் இரிந்த?

அவரோடு பஸ்ஸில் போவது எனக்குப் பெரிய வேடிக்கை. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் போகும்போது வளைவுக்கு வளைவு கை காட்டிக்கொண்டு வருவார். "இந்த எடத்துல ஒராள் கொய்யாப்பழம் பாத்தார்." இன்னும் கொஞ்ச தூரம் போனதும், "இங்க ஒராள் பழைய மொதலாளியப் பாத்தார்." இன்னொரு வளைவில், "இங்க ஒரு பொடியன் கண்ணாடியில தன்னயே பாத்தான்." யார் செத்தார், யாருக்குக் கால் போனது என்று ஒரு நாளும் சொல்ல மாட்டார். பார்த்ததை மட்டும்தான் சொல்வார். இன்றைக்கும் அந்த ரோட்டில் போனால் கொய்யாப்பழ வளைவு வரும்போது நான் நிமிர்ந்து உட்காருவேன்.

எல்லாம் வேடிக்கையாக இருந்ததில்லை. கடுகண்ணாவைப் பக்கம் ஒருவருடைய வேன் மதிலில் மோதி, முன்னால் உட்கார்ந்திருந்த அவருடைய சின்ன மகளுக்குக் கை முறிந்தது. தூறலில் அந்த மனுஷனை அதே வளைவில் கொண்டுபோய் நிறுத்தினார் நானா. மொகம் எந்தப் பக்கம் என்று கேட்டார். முன்பக்கம்தான், பிரேக் பிடிக்கவில்லை என்றார் தகப்பன். நானா மறுபடி கேட்டார். மூன்றாம் தடவை அவர் குந்தி உட்கார்ந்து அழத் தொடங்கினார். மகள் ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டு வந்திருக்கிறாள், அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நானா குடையை அவருக்குப் பிடித்தபடி தான் நனைந்துகொண்டு நின்றார். ஆனால் கேட்டதைக் கேட்காமல் விடவில்லை.

திரும்பி வரும்போது நான் சண்டை பிடித்தேன். "அந்த மனுஷன்கிட்ட போயி அதக் கேக்கணுமா நானா? உங்களுக்கு மனசே இல்லையா?"

"கேக்காட்டி அவர் சாகும் வரைக்கும் பிரேக் புடிக்கலண்டு செல்லிக்கிட்டு இரிப்பார். அவருக்கே தெரியும் அது பொய்யிண்டு."

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அன்றைக்கு முழுக்க அவரோடு பேசவில்லை. நானாவிடம் எனக்குப் பிரியம் இருந்தது, கூடவே ஒரு பயமும் இருந்தது என்பதை இங்கே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஏதாவது பிழை செய்து இவர் முன்னால் நிற்க வேண்டி வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்படி இருக்கும்போதுதான் ட்ரோன் வந்தது.

அப்போது ட்ரோன் எங்களுக்கெல்லாம் புதிது. கலியாண வீடுகளில் தலைக்கு மேல் இரைந்துகொண்டு போகும், பிள்ளைகள் அண்ணாந்து கையசைப்பார்கள். காணி அளக்கும் கம்பனி ஒன்று பெரிதாக ஒன்றை வாங்கிக் காப்புறுதியும் செய்திருந்தது. கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்கு மேற்புறம் மலையில் வெடிப்பு விட்டிருந்தது. மழைக்கு மண் சரியுமா என்று பார்க்க, மலையை மேலேயிருந்து படம் எடுக்க அதைக் கொண்டு போயிருந்தார்கள். மூன்றாம் நாள் அது பள்ளத்தில் விழுந்து நொறுங்கிவிட்டது. விபத்து என்றால் வாகனம்தானே என்று காப்புறுதிக் கம்பனி அந்தக் கோப்பை எங்களுக்கு அனுப்பிவிட்டது.

வாகன விபத்துப் படிவம்தான் எங்களிடம் இருந்தது. நானா அதையே நிரப்பச் சொன்னார். சில்லுகளின் எண்ணிக்கை? "சில்லு இல்ல, விசிறி நாலுண்டு போடுங்க." விபத்தின்போது சாரதி ஆசனத்தில் இருந்தாரா? "இல்ல. ரோட்டுல நின்டார்." பயணிகள்? "ஒருத்தருமில்ல." நான் சிரித்துச் சிரித்து எழுதினேன். "ஆளில்லாத விமானமாம் நானா. மோதினா யாரைக் கேக்கறது?"

"இதுலதான் தங்கச்சி மிச்சம் ஆள் இரிக்கி. ஒராள் ஓட்ற, ஒராள் பாக்குற, ஒராள் போகச் செல்லுற. எல்லாரும் கீழ நிக்கிற, அவ்வளோதான்."

நொறுங்கியதை ஒரு அரிசிப் பையில் போட்டு அனுப்பியிருந்தார்கள். நானா அதைத் தரையில் கொட்டி, துண்டு துண்டாகச் சேர்த்துப் படுக்க வைத்தார். இரண்டு நாள் மண்டியிட்டுப் பார்த்தார். பற்றரியில் பிழையில்லை. விசிறிகள் முறிந்திருந்தன, ஆனால் முறிந்தது விழுந்த பிறகுதான். விசிறியைத் தாங்கும் கைகளில் ஒன்றில் மட்டும் குறுக்கே ஒரு பள்ளமும் அதில் செந்துருவும் இருந்தன. தோட்டத்துப் பள்ளத்தாக்கின் குறுக்கே, கொழுந்து மூட்டை இறக்க அந்தக் காலத்தில் போட்ட ஒரு இரும்புக் கம்பி உண்டு. இப்போது பாவனையில் இல்லை, அறுக்கவும் இல்லை. அந்தக் கம்பியில்தான் மோதியிருக்கிறது. ட்ரோனின் நினைவில் பதிந்திருந்ததையும் கம்பனி எடுத்து அனுப்பியது. மோதுவதற்கு இரண்டு விநாடிக்கு முன் அதை வலப்பக்கம் திருப்பியிருக்கிறார்கள்.

ஓட்டியவன் பெயர் மோகன். தோட்டத்துப் பிள்ளை, முப்பது வயது இருக்கும். அந்த வெடிப்பு விட்ட மலைக்குக் கீழே இருக்கும் லயத்தில்தான் அவனுடைய மாமியார் வீடு. நானா அவனைத் தரையில் நிறுத்தி, ரிமோட்டுக்குப் பதிலாகக் கையில் ஸ்டேப்ளரைக் கொடுத்தார். அவன் நின்ற இடத்திலிருந்து கம்பி தெரியாது. அதனால்தான் மேலே ஒரு பாறையில் பண்டார என்பவரை நிறுத்தி, போனில் வழி சொல்ல வைத்திருந்தார்கள். பண்டார அதே கம்பனியில் பல வருஷமாக அளவை வேலை செய்கிறவர்.

"வலது பக்கம் திருப்புன்னு சொன்னாருங்க சார். திருப்புனேன்" என்றான் மோகன். அதை நான் அப்படியே எழுதினேன்.

பண்டார வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். நானா தொப்பியைப் போட்டுக்கொண்டு ஜும்மாத் தொழுகைக்குப் போய்விட்டார். மழை ஊற்றியது. மனிதருக்குப் பாறையில் சறுக்கிக் கால் வீங்கியிருந்தது. ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றார். நானா வரும் வரை இருக்கச் சொல்லியிருக்கலாம். நானே எடுத்துவிடுகிறேன் என்று கதிரையைப் போட்டு உட்கார வைத்தேன். அவர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, நான் நேரடியாகத் தமிழில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். 'ட்ரோன் கம்பியை நெருங்குவதைக் கண்டு, தெற்குப் பக்கம் திருப்பும்படி இரண்டு தடவை சத்தமிட்டேன்.' கீழே அவர் சிங்களத்தில் கையெழுத்துப் போட்டார். மூன்று மணிக்கு வந்த நானா என் தமிழைப் படித்தார். எழுத்து அழகாக இருக்கிறது என்றார். அவரும் கையெழுத்துப் போட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு தாளும் சேர்ந்தபோது விஷயம் மோசமாகிவிட்டது. மோகன் நின்றது மேற்கே பார்த்து. ட்ரோனும் மேற்கே போய்க்கொண்டிருந்தது. அவனுக்கு வலது என்பது வடக்கு. கம்பி இருந்ததும் வடக்கே. பண்டார தெற்கே திருப்பச் சொல்லியிருக்கிறார், இவன் வடக்கே திருப்பிவிட்டு, அவர்தான் வலது பக்கம் என்று சொன்னார் என்கிறான். காணி அளக்கும் கம்பனிக்காரர் எங்கள் முதலாளிக்குப் போன் பண்ணிச் சத்தம் போட்டார். வழி சொன்னதைக் கேட்காமல் ஓட்டியது ஒன்று, அதை மறைக்கப் பொய் சொன்னது இன்னொன்று. ஆளை வேலையிலிருந்து நிறுத்தப் போகிறேன், அறிக்கை மட்டும் வரட்டும் என்றார்.

மறுநாளே மோகன் வந்து நின்றான். மழையில் நனைந்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு.

"வேல போனாலும் போகட்டும் சார். பொய்யன்னு மட்டும் எழுதிறாதீங்க. அந்த லயத்துல இருக்கிறவங்க எல்லாம் என்னயப் பாத்துக்கிட்டிருக்காங்க. நான் எடுக்கிற படத்த வச்சுத்தான் அவங்களுக்கு வேற எடம் குடுக்கிறதான்னு முடிவு பண்ணுவாங்க. நாளைக்கு இவன் படமும் பொய்யின்னு சொல்லிருவாங்க சார்."

நானா பியோனை அனுப்பி அவனுக்கு இஞ்சிப் பிளேன்டீ எடுத்துக் கொடுத்தார். அவன் போன பிறகு இரண்டு வாக்குமூலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகு நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "பண்டாரவ நான் நிக்க வச்சுக் கேக்கல. தோட்டத்துக்குப் போவோம்."

கம்பளையிலிருந்து பஸ், பிறகு கொழுந்து லொறி, பிறகு நடை. நானா, நான், மோகன், நொண்டிக்கொண்டு பண்டார. மோகனும் பண்டாரவும் ஒருவரையொருவர் பார்க்காமலே வந்தார்கள். பண்டாரவுக்குக் கோபம், தன்னைப் பொய்யனாக்கப் பார்க்கிறான் என்று. மோகனுக்கும் அதே கோபம். நானா மோகனை அன்றைக்கு நின்ற ரோட்டு ஓரத்தில் நிறுத்தினார். என்னை அவனோடு விட்டுவிட்டு, பண்டாரவைக் கைத்தாங்கலாகப் பாறைக்கு ஏற்றிக்கொண்டு போனார். ட்ரோனாக நிற்க அன்றைக்கு ஆள் இல்லை. வெறும் பள்ளத்தாக்கும் அதற்கு மேலே மேகமும்தான்.

மோகன் போனை ஸ்பீக்கரில் போட்டுச் சட்டைப் பையில் வைத்தான். நானாவின் குரல் வந்தது.

"மோகன், மொகம் எந்தப் பக்கம்?"

"பொழுது எறங்குற பக்கம் சார்."

"கையில ரிமோட் இரிக்கிண்டு நெனச்சுக்கங்க. இப்ப பண்டார மாத்தயா அண்டைக்குக் கத்தின மாதிரியே, அதே சொல்லால கத்துவார்."

போனிலும் மலையிலும் ஒரே நேரத்தில் பண்டாரவின் குரல் கேட்டது. "தகுணட்ட! தகுணட்ட!"

மோகனின் வெறுங்கையில், வலது பெருவிரல் தானாக வலப்பக்கம் போயிற்று.

நான் அதைப் பார்த்தேன். சிங்களத்தில் தகுண என்றால் தெற்கு. தகுண என்றால் வலதும்தான். இரண்டுக்கும் ஒரே சொல். நாள் முழுக்க வரைபடத்தோடு இருக்கும் பண்டாரவுக்கு அது தெற்கு. பஸ் கொண்டக்டர்களிடமும் ஆட்டோக்காரர்களிடமும் சிங்களம் பிடித்துக்கொண்ட மோகனுக்கு அது வலது. அந்த வெள்ளிக்கிழமை என் கதிரையில் உட்கார்ந்து பண்டார சொன்னதும் இதே சொல்தான். நான், சோதனை பாஸ் பண்ணினவள், எந்தத் தகுண என்று ஒரு வார்த்தை கேட்காமல் தெற்கு என்று எழுதியிருந்தேன். மோகனும் தன் தலைக்குள்ளேயே அதைத் தமிழாக்கி, வலது என்று எங்களிடம் சொல்லிவிட்டான். ஆகவே காற்றில் ஒன்றாக இருந்த சொல் தாளில் இரண்டாகிவிட்டது. ஒருவன் பொய்யனாகவும் ஆகிவிட்டான்.

நானா இறங்கி வந்து இருவரையும் எதிரெதிரே நிறுத்தினார். அவர் எந்தப் பக்கம் போகச் சொன்னார் என்று மோகனைக் கேட்டார். மோகன் வலக்கையை நீட்டினான். நீங்கள் எந்தப் பக்கம் சொன்னீர்கள் என்று சிங்களத்தில் பண்டாரவைக் கேட்டார். பண்டார அதற்கு நேர் எதிர்ப்பக்கம், பள்ளத்தாக்கு திறக்கும் பக்கம் கையை நீட்டினார். நீட்டிய கையோடு இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் விளங்கியது பண்டாரவுக்குத்தான். "அப்போய்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். மோகன் ரோட்டு ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். சிரித்தானா அழுதானா என்று சொல்லத் தெரியவில்லை, இரண்டும் இருந்தது. பண்டார நொண்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகைத் தட்டினார்.

அப்போது நானா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு தடவைதான். என் காலில் அட்டை ஏறியிருந்தது. குனிந்து அதைப் பிடுங்குவதில் நான் மும்முரமாக இருந்தேன். ஒரு அட்டையைப் பிடுங்க அவ்வளவு நேரம் எடுக்காது.

அடுத்த நாள் அறிக்கை. நானா ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு சொன்னார், நான் அடித்தேன்.

"எழுதுங்க தங்கச்சி. விபத்துக்குக் காரணம். ஒண்டு, ஒரு சொல்லுக்கு ரெண்டு கருத்து. செல்லினவரும் பொய் செல்லல, கேட்டவரும் பொய் செல்லல. அதுல பொய்ங்கிற சொல்லு ரெண்டு தரம் வரணும். விடாதீங்க."

அடித்தேன்.

"ரெண்டு. சாட்சி செல்லின சொல்ல எங்கட அலுவலகத்துல மாத்தி எழுதியிரிக்கி. அதாலதான் ஓட்டினவர் பொய் செல்றாரெண்டு தோணியிரிக்கி."

என் விரல்கள் நின்றுவிட்டன. கீழே மாத்தளை பஸ்ஸின் கொண்டக்டர் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தான். நானா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். என்னை வேலையில் நிரந்தரமாக்கும் கடிதம் வர இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அப்பாவுக்குக் கம்பளைக் கடையில் வேலை போய் அப்போது நாலு மாதம். இதெல்லாம் காரணம் என்று சொல்லலாம். உண்மையான காரணம் அதைவிடச் சின்னது. சிங்களத்தில் நான் பிழை விட்டேன் என்று என் கையாலேயே அடிக்க எனக்கு மனம் வரவில்லை.

"யாருன்னு போடணுமா நானா?" என்று கேட்டேன். என் வாழ்க்கையில் நான் கேட்ட கேள்விகளில் கேவலமானது அதுதான்.

பஸ் புறப்பட்டுப் போயிற்று. இன்னொன்று வந்து நின்றது.

"போடத்தான் வேணும். வாக்குமூலத்துக்குக் கீழ அலுவலகத்தால யார்ட கையெழுத்து இரிக்கி?"

"உங்களோடதுதான்."

"அப்ப அதயே போடுங்க. சாட்சிய நேரா விசாரிக்காம மதிப்பீட்டாளர் கையெழுத்து வச்சிரிக்காரு. பிழை அவர்ட."

நான் அதை அடித்தேன். ஆங்கிலத்தில், இலக்கணப் பிழை இல்லாமல், ஒவ்வொரு எழுத்தாக அடித்து முடித்து, அச்செடுத்து, அவர் முன்னால் வைத்தேன். அவர் சோக்குப் படிந்த விரலோடு கையெழுத்துப் போட்டார். தாளின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கறை விழுந்தது. துடைத்துக் கொடுத்தேன்.

மோகனின் வேலை தப்பியது. பொய்யன் என்ற பேச்சும் அடங்கிப்போயிற்று. கம்பனி வேறு ட்ரோன் எடுத்தது, அதே மலையை அவனே படம் எடுத்தான். போனில் இனி லெஃப்ட், ரைட் என்று மட்டும்தான் சொல்ல வேண்டும், தமிழும் வேண்டாம் சிங்களமும் வேண்டாம் என்று கம்பனியில் சட்டம் போட்டுவிட்டார்களாம். அந்த லயத்துச் சனங்கள் அடுத்த மழைக்கு முன்பே கீழே வேறு இடத்துக்கு வந்தார்கள். பால் காய்ச்சியதற்கு மோகன் எங்களை அழைத்தான். நானா போனார். நான் தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

நானாவுக்குத்தான் வேலை தேய்ந்தது. தன் பிழையைத் தானே ஒப்புக்கொண்ட மதிப்பீட்டாளரிடம் கோப்பு அனுப்பக் காப்புறுதிக் கம்பனிகள் யோசித்தன. வாரத்துக்கு ஐந்தாறு வந்த இடத்தில் ஒன்று வந்தது, பிறகு அதுவும் இல்லை. முதலாளி வெளியே போகச் சொல்லவில்லை, ஆனால் வேறு ஒருவரைக் கொண்டுவந்தார். அந்தப் புதியவர் எல்லாரையும் கதிரையில் உட்கார வைத்துத்தான் கேட்டார். வருஷ முடிவில் நானா அக்குறணையில் தன் மச்சானுடைய திரைச்சீலைக் கடைக்குப் போய்விட்டார். போகிற நாளில் எல்லாருக்கும் தொதல் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். என்னிடம், "சிங்களத்த விட்றாதீங்க, நல்லா வருது" என்றார். கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை.

பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் இப்போது மொழிபெயர்ப்பிலேயே பெயர் வாங்கியவள். என் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு. ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போடும்போது, ஜன்னல் பக்கம் திரும்பி நின்ற அந்த முதுகு ஞாபகம் வரும். போன ஆனி மாதம் மாத்தளைக்குப் போகிற வழியில், என்னவோ தோன்றி, அக்குறணையில் இறங்கிவிட்டேன்.

கடையில் கூட்டம் இல்லை. நானா நரைத்துவிட்டார். என்னைக் கண்டதும், "வாங்க வாங்க" என்று முகமெல்லாம் மலர்ந்து, அப்பா எப்படி, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டு, பையனை அனுப்பித் தேத்தண்ணி எடுப்பித்தார். குடித்து முடித்துக் கோப்பையை வைத்தேன். பிறகு சொன்னேன்.

"நானா, அன்னிக்குத் தெற்குன்னு எழுதினது நான். நீங்க இல்ல. நான் சொல்லியிருக்கணும். சொல்லாம உங்க பேரையே அடிச்சேன்."

"தெரியும் தங்கச்சி" என்றார். கோபமும் இல்லை, பெரிய மன்னிப்பும் இல்லை. துணிச் சுருள் ஒன்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

"அப்ப ஏன் நானா கேக்கல? எல்லாரையும் கேப்பீங்களே. என்னை மட்டும் ஏன் கேக்கல?"

"கேட்டா உங்கட பிழை இல்லேண்டு செல்லியிருப்பீங்க. பொறகு அந்தப் பொய்யயும் சேத்து நீங்க சொமக்க வேணும்."

சொல்லிவிட்டு, வாசலில் வந்து நின்ற ஒரு பெண்ணுக்கு என்ன நிறம் வேண்டும் என்று கேட்கப் போய்விட்டார். நான் மாத்தளை பஸ்ஸில் ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, யாரையும் பொருட்படுத்தாமல் அழுதேன். அவர் சொன்னது சரி. அன்றைக்குக் கேட்டிருந்தால் அவர் முகத்தைப் பார்த்து என் பிழை இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். எனக்கே அப்போது தெரியாத அதை அவர் தெரிந்துவைத்திருந்தார், தெரிந்தபடியால்தான் கேட்காமல் விட்டார்.